முசோரி மலையில் சுண்ணாம்புக்கல் அகழ்வும் நீர்வளமும்

முசோரிக்கு மேற்கே, நில அளவைத் துறைத் தலைவராக விளங்கிய ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-களில் வாழ்ந்த இல்லத்தை நோக்கி ஏறிச்செல்லும் பாதை மலைநடைப் பயணியர் விரும்பும் ஒன்றாகும். அதனைச் சூழ்ந்த சரிவுகளில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. மலையின் அழகு குன்றியதனாலேயே அகழ்வு தடுக்கப்பட்டது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அஃது முழுமையன்று. வழக்கின் உள்ளீடு நீரே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க விழைகிறது.

இம்மலைத்தொடரின் பாறை 'குரோல்' எனப்படும் அடுக்கைச் சார்ந்தது. சோலன் நகரையடுத்த குரோல் மலையால் பெற்ற பெயர் இது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் பிளவுகளிலும் மழைநீர் இறங்கித் தங்கி, பின்னர் ஊற்றாகக் கசிகிறது. சகஸ்திரதாரா, அதாவது ஆயிரந் தாரை, என்னும் இடப்பெயரே இதற்குச் சான்று பகரும். எனவே வணிகர்க்குச் சரக்காகிய கல்லே சிற்றூரார்க்கு நீர்த்தொட்டியாகவும் இருந்தது. கல்லை அகற்றுதல் தொட்டியை உடைத்தலாகும்.

கூர்க்கர் போரின்போது 1815-இல் டூன் பள்ளத்தாக்கு ஆங்கிலேயர் வயமாயிற்று. மலைநகரக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து தேவைப்பட்டது. 1900-இல் டேராடூனுக்கு இருப்புப்பாதை வந்தபின் தொலைவிடச் சந்தையும் திறந்தது. ஆயினும் மலையின் உருவை மாற்றியது விடுதலைக்குப் பிந்திய அகழ்வேயாகும். சர்க்கரை ஆலைகளும் எஃகு ஆலைகளும் தூய்மை மிக்க இக்கல்லை நாடின. 1960-களில் இருபதாண்டுக் குத்தகைகள் பல வழங்கப்பெற்றன. வெடிவைத்துப் பெயர்த்த கல்லில் விலைபோகும் பகுதி லாரியேற, எஞ்சிய இடிபாடு சரிவில் தள்ளப்பட்டது. மழை அதனை ஓடைகளுக்குக் கொண்டு சேர்த்தது. ஆற்றுப்படுகைகள் மேடுற்றன, ஊற்றுகள் வறண்டன.

டேராடூனைச் சார்ந்த ஊரக வழக்கு உரிமை மையம் 1983 சூலையில் எழுதிய மடலை உச்ச நீதிமன்றம் நீதிப்பேராணை மனுவாக ஏற்றது. பார்கவ் தலைமையிலான குழு சுரங்கங்களை ஆய்ந்து, விளையும் கேட்டின் அளவுக்கேற்ப மூவகைப்படுத்தியது. 1985 மார்ச்சு 12-ஆம் நாள் ஆணை, கேடு மிக்கவற்றை உடனே மூடச் செய்தது. சுற்றுச்சூழல் சமநிலை குறித்து நாட்டில் எழுந்த இத்தகைய முதல் வழக்கு இதுவே என நீதிமன்றமே குறித்தது. 1988 ஆகஸ்டுத் தீர்ப்புக்குப்பின் விதிவிலக்காகச் சிலவே எஞ்சின.

சட்ட நூல்கள் பெரும்பாலும் இவ்வரலாற்றை மடலில் தொடங்கித் தீர்ப்பில் முடித்துவிடுகின்றன. இடைப்பட்ட 1986-இல் நாகி கலா சிற்றூர்ப் பெண்கள் சிப்கோ வழியில் லாரிகளை மறித்து நின்றமை அவற்றுள் அடிக்குறிப்பாகவும் இடம்பெறுவது அரிது. ஆணை வெளிவந்த பின்னும் அவர்கள் ஓடைக்கரையில் நிற்க நேர்ந்தது என்பதே ஆணையின் எல்லையைக் காட்டும்.

வேலையிழந்த தொழிலாளரைக் காடுவளர்ப்பிலும் மண்காப்பிலும் இயன்றவரை அமர்த்துமாறு 1985 ஆணை அறிவுறுத்தியது. 'இயன்றவரை' என்னும் அச்சொல்லில் தொழிலாளர் வாழ்வு முழுவதும் அடங்கிவிட்டது என்பது நெருடலானதே. நிலப்படையின் சூழலியல் படைப்பிரிவு, முன்னாள் படைவீரரைக்கொண்டு இம்மலையில் மரம் நட்டது. இன்று பயணியர் நடக்கும் பசுஞ்சரிவுகள் பலவும் அவ்வாறு இரண்டாம் முறை வளர்ந்தவை. அவற்றினிடையே வெட்டுமுகங்கள் சில வெண்மையாகத் தெரிகின்றன.