கருமணலும் படிகக் கட்டடமும்

திருவனந்தபுரம் என்றவுடன் அனந்தசயனப் பெருமாளின் ஆலயமும் பழைய திருவிதாங்கூர் மன்னர்களின் அரண்மனைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரிலிருந்து ஆளப்பட்ட நாட்டின் கடற்கரையில் வேறொரு செல்வமும் கிடந்தது. வடக்கே கொல்லத்தை அடுத்த சவரையிலும், தெற்கே தமிழர் வாழும் மணவாளக்குறிச்சியிலும் அலைகள் ஒதுக்கிவிட்டுச் சென்ற கருமணலே அது. அந்த மணலின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், இன்றைய ரசாயன விஞ்ஞானத்தின் மிக நுட்பமான ஒரு துறையின் வாயிலில் போய் நிற்கிறோம். பாஸ்வரத்தைக் கொண்ட கரிமச் சேர்மங்கள் உலோக அணுக்களை எவ்வாறு பற்றிக்கொள்கின்றன என்பதைப் படிகங்களின் வாயிலாக ஆராயும் துறையே அது.

1909ஆம் ஆண்டில் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானியர் இக்கடற்கரையில் மானசைட் என்னும் தாது இருப்பதைக் கண்டறிந்தார். இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணல் துகள்களே அவருக்கு வழிகாட்டின என்று கூறுவர். தலைமுறை தலைமுறையாக நம்மவர் காலில் மிதித்து நடந்த மணலின் மதிப்பை, கடல் கடந்து சென்ற கயிறு ஓர் அயல்நாட்டாருக்கு எடுத்துச் சொல்லிற்று!

அக்காலத்தில் அந்தத் தாதுவுக்கு ஐரோப்பாவில் பெரும் தேவை இருந்தது. ஆஸ்திரிய நாட்டு ரசாயன அறிஞர் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், தோரிய ஆக்சைடுடன் நூற்றுக்கு ஒரு பங்கு சீரிய ஆக்சைடைச் சேர்த்து, வெண்ணிற ஒளி வீசும் விளக்கு வலையை 1891இல் உருவாக்கியிருந்தார். நம் ஊர்த் திருமண ஊர்வலங்களில் ஒளி தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையும் அதே வகையைச் சேர்ந்ததே. திருவிதாங்கூர் மானசைட்டில் தோரிய ஆக்சைடு சுமார் 9 விழுக்காடு இருந்தது. ஆகவே மணல் கப்பலேறிற்று. அதிலிருந்து பிரித்தெடுக்கும் வித்தையோ அயல்நாட்டிலேயே தங்கியிருந்தது.

அந்த வித்தை எளிதன்று. மானசைட் என்பது அருமண் உலோகங்களும் தோரியமும் பாஸ்பேட்டுடன் பிணைந்த ஒரு படிகம். படிகத்தின் உள்ளமைப்பைக் காணும் கண் 1912ஆம் ஆண்டில்தான் மனிதனுக்குக் கிட்டிற்று. எக்ஸ் கதிர்கள் படிகத்தின் ஊடே செல்லும்போது ஒழுங்கான புள்ளிக் கோலமாகச் சிதறுகின்றன என்பதை லாவேயும் அவருடைய தோழர்களும் அவ்வாண்டில் காட்டினர். அக்கோலத்திலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் முறையைப் பிராக் என்னும் தந்தையும் மகனும் அடுத்த ஆண்டிலேயே வகுத்தனர். அக்கண்கொண்டு நோக்கினால், மானசைட்டில் ஒவ்வொரு பாஸ்வர அணுவையும் நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ்ந்திருப்பதையும், ஒவ்வொரு உலோக அணுவையும் ஒன்பது ஆக்ஸிஜன் அணுக்கள் காவல் வீரரைப் போல் வளைத்து நிற்பதையும் காணலாம். மலைப்பாறை சிதைந்து, ஆற்றில் உருண்டு, அலையில் அடிபட்ட பின்னும் இத்தாது அழியாமல் கரை சேர்ந்தது அந்தக் கட்டுக்கோப்பின் வலிமையால்தான்.

மணலின் மதிப்பு அணுயுகத்தில் மேலும் உயர்ந்தது. தோரியத்தை அணு எரிபொருளாக மாற்றலாம் என்பது தெரிந்தவுடன் வல்லரசுகளின் பார்வை இக்கரை மீது விழுந்தது. 1947 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். அந்தத் துணிவுக்கு இம்மணலும் ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் சிலரின் கருத்து. அடுத்த மாத இறுதியிலேயே அம்முடிவு மாறி, சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1950இல் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்திய அருமண் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. 1952 டிசம்பரில் ஆலுவாயில் அதன் ஆலையைப் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1955இல் பம்பாயை அடுத்த டிராம்பேயில் தோரிய ஆலை எழுந்தது. 1956இல் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டின் பக்கமும் சவரை கேரளத்தின் பக்கமும் சேர்ந்தன. 1965இல் இரண்டு ஊர்களின் மணல் ஆலைகளும் அதே நிறுவனத்தின் கீழ் வந்தன.

இனி ரசாயனக் கதைக்குத் திரும்புவோம். ஆலையில் மானசைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவோடு சேர்த்துச் சிதைக்கிறார்கள். பாஸ்பேட், சோடிய உப்பாக மாறித் தனியே பிரிந்துவிடுகிறது. எஞ்சி நிற்கும் உலோகங்களோ குணத்தில் ஒரு தாய் மக்கள் போன்றவை. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது அரிது. அவற்றைப் பிரிக்கும் பணிக்கு அழைக்கப்பட்டது எது தெரியுமா? வெளியேற்றப்பட்ட அதே பாஸ்வரம்தான்! ஆனால் இம்முறை அது கரிமச் சேர்மத்தின் வேடத்தில் வந்தது. ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் என்பது நீரோடு கலக்காத ஒரு திரவம். அதன் பாஸ்வரத்தோடு ஒட்டியுள்ள ஆக்ஸிஜன், தன் எலெக்ட்ரான்களை ஈந்து உலோகத்தைப் பற்றி, நீரிலிருந்து எண்ணெய்ப் பகுதிக்கு இழுத்துக்கொள்கிறது. இவ்வாறு ஈயும் மூலக்கூற்றை ஈனி என்கிறோம். தோரியத்தையும் யுரேனியத்தையும் தூய்மை செய்வதில் இந்த ஈனி உலகெங்கும் புகழ் பெற்றது.

திருவனந்தபுரத்திலேயே இத்துறை வேரூன்றிய வரலாறு பிற்காலத்தது. பாப்பனங்கோட்டில் 1975இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆய்வுக்கூடம், பின்னர் வட்டார ஆராய்ச்சி நிலையம் என்றும், 2007 முதல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிலையம் என்றும் பெயர் பெற்றது. அங்கே எம். எல். பி. ரெட்டியும் அவருடைய குழுவினரும் அருமண் உலோகமான யூரோப்பியத்தைப் பாஸ்பீன் ஆக்சைடு ஈனிகளோடு இணைத்து, செவ்வொளி வீசும் சேர்மங்களை ஆக்கினர். 2006இல் ட்ரையாக்டைல் பாஸ்பீன் ஆக்சைடு கொண்ட சேர்மத்தையும், 2010இல் இரு பாஸ்பீன் ஆக்சைடு முனைகளை உடைய ஈனி கொண்ட சேர்மத்தையும் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டனர்.

இங்கே படிக அமைப்பால் விளையும் பயன் என்ன? யூரோப்பிய அணுவின் அருகே நீர் மூலக்கூறு இடம் பெற்றுவிட்டால், அதன் அதிர்வு ஒளிக்குரிய ஆற்றலை உறிஞ்சி ஒளியை மங்கச் செய்யும். பாஸ்பீன் ஆக்சைடு அந்த நீரை விலக்கித் தான் அமர்கிறது. நீர் விலகிற்றா, உலோகத்தைச் சூழ்ந்த ஆக்ஸிஜன்கள் எத்தனை, அவை எத்தனை தூரத்தில் நிற்கின்றன என்னும் கேள்விகளுக்கெல்லாம் படிகமே நேரான விடை தருகிறது. பாஸ்வரத்துக்கும் அதன் ஆக்ஸிஜனுக்கும் உள்ள இடைவெளி சுமார் ஒன்றரை ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அத்தனை சிறிய தூரத்தைத்தான் எக்ஸ் கதிர் அளந்து சொல்கிறது.

இத்தகைய படிகக் கலை நம் நாட்டில் வளர்ந்த கதையில், ஊர் விட்டு ஊர் சென்றோரின் பங்கு பெரிது. எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையை ஏற்றார். சேர்த்தலையைச் சேர்ந்த கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்ற கர்த்தா, ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தின் வடிவத்தை 1967இல் கண்டறிந்த குழுவில் முன் நின்றார்.

1909இல் நம்மிடம் மணல் இருந்தது. அதைப் படிக்கும் கண் இல்லை. ஆதலால் மணலை மூட்டையாக விற்று, அதிலிருந்து பிறந்த விளக்கு வலையை விலை கொடுத்து வாங்கினோம். இன்றோ அந்த மணலின் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை நம் ஆய்வுக்கூடங்களே அளந்து சொல்கின்றன. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் விடுமுறைக்கு நாகர்கோயில் பக்கம் செல்ல நேர்ந்தால், மணவாளக்குறிச்சிக் கரையில் அலை விட்டுச் செல்லும் அந்தக் கரிய கோட்டைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அதற்குள் பாஸ்வரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.