மயக்க மருந்து இல்லாத காலம்

ஒருகாலத்தில் மதுரைப் பக்கத்தில் வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் குடும்பத்துக்கு இரண்டு திசைகள் தெரிந்தன. ஒன்று, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முன்பு பெயர் பெற்றிருந்த அரசு ராஜாஜி மருத்துவமனை. மற்றொன்று, கிழக்கே ஏர்வாடி தர்கா. ‘ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்துவிடுவார்கள்’ என்ற பயத்தைப் படித்தவர்கள் அறியாமை என்றார்கள். அது அநியாயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் காரணம் மின்சாரமல்ல, மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுத்த முறைதான்.

1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் தொடங்கிய இந்த மின் அதிர்ச்சி (ஷாக்) சிகிச்சை சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தது. அப்போது நோயாளி விழித்திருக்கும்போதே தலையில் மின்சாரம் பாய்ச்சினார்கள். உடனே நினைவு தப்பும், உடல் முழுவதும் வலிப்பு வெட்டும். தசைகள் இறுகும் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்களும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ச்சி மருந்து புழக்கத்துக்கு வந்ததும் வசதியுள்ள நாடுகள் முறையை மாற்றிக்கொண்டன. மயக்கவியல் மருத்துவர்கள் போதாத நம் நாட்டிலோ பழைய முறை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. வார்டில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னதை எப்படிப் பொய் என்பது?

இன்றைய முறையில் நோயாளி முதலில் தூங்கிவிடுகிறார். பற்களுக்கிடையே ரப்பர் கட்டை வைக்கிறார்கள். தசைத் தளர்ச்சி மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு காலில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, அந்தப் பாதத்துக்கு மட்டும் மருந்து போகாமல் தடுப்பதும் உண்டு. உடல் அசையாமல் கிடக்க, அந்தக் கால்விரல்கள் மட்டும் துடிக்கும். வலிப்பு நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். குணப்படுத்துவது இந்த வலிப்புதான். ஷாக் அதைத் தூண்டும் கருவி மட்டுமே. மின்சாரம் பாய்வது சில நொடிகள், வலிப்பு ஏறக்குறைய ஒரு நிமிடம். அதை அடக்க மூளை தன் தடுப்பாற்றலைத் திரட்டுகிறது. அதனால்தான் சிகிச்சை தொடரத் தொடர வலிப்பை வரவழைப்பது கடினமாகிறது. நினைவுக்கும் உணர்ச்சிக்கும் பொறுப்பான ஹிப்போகாம்பஸின் பருமன் கூடுவதையும் ஸ்கேன்கள் காட்டியுள்ளன. மூளை கருகிப்போகும் என்ற பேச்சுக்கு ஸ்கேனில் ஆதாரம் இல்லை.

மூளையின் இந்த மாற்றங்களுள் எது மனச்சோர்வை நீக்குகிறது என்று முடிவாகவில்லையே என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் மயக்கம் மட்டும் கொடுத்து மின்சாரம் பாய்ச்சாத போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. உண்மைச் சிகிச்சையே மேலாக நின்றது. அந்த ஆய்வுகள் பழையவை, சிறியவை என்று விமர்சகர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதைவிடக் கனமான ஆட்சேபம் மறதி. சிகிச்சைக்கு முந்தைய சில மாத நினைவுகள் சிலருக்குத் திரும்புவதே இல்லை. இதை மூடிமறைக்கும் மருத்துவர் நோயாளிக்குத் துரோகம் செய்கிறார். மின்முனைகளைத் தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைப்பதும், மின்சாரத்தைக் குறுந்துடிப்புகளாகச் செலுத்துவதும் இழப்பைக் குறைத்திருக்கின்றன, நீக்கிவிடவில்லை. ஆனாலும் சோறு தண்ணீரை விட்டுவிட்டவருக்கும், சாகத் துணிந்தவருக்கும் மாத்திரை வேலைசெய்யப் பல வாரம் ஆகும். அவ்வளவு நாள் அவர்களிடம் இருக்காது.

குடும்பங்கள் நாடிய மற்றொரு திசையான ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மயக்க மருந்தில்லா ஷாக்கைத் தடைசெய்யக் கோரி ‘சார்த்தக்’ அமைப்பு தொடுத்த வழக்கும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. மயக்க மருத்துவர் இல்லாத ஊரில் தடை விதித்தால் ஏழைக்குச் சிகிச்சையே கிடைக்காது என்று மனநல மருத்துவர்கள் சிலர் வாதாடினார்கள். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் அதற்குப் பரிகாரம் மயக்க மருத்துவரை நியமிப்பதே தவிர, ஏழையின் எலும்பைப் பணயம் வைப்பதல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படித்தான் முடிவெடுத்தது. சங்கிலியையும் மயக்க மருந்தில்லா ஷாக்கையும் அதன் 95ஆம் பிரிவு ஒருசேரத் தடைசெய்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்தால் பயந்து ஓடாதீர்கள். மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், மறதியைப் பற்றிக் கேளுங்கள், நோயாளியின் சம்மதத்தை அவர் வாயாலேயே கேளுங்கள்.