துவாரத்துக்கு எண் வந்த கதை

பழைய புறக்கோட்டையை அஞ்சலட்டைகளில் பார்த்தவர்கள் பலர். மெயின் வீதி, மாட்டு வண்டிகள், கடைவாசல் கூட்டம். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் இலங்கைக் காட்சிகளை அட்டைகளில் அச்சிட்டு விற்றது. அதற்கு முன்னரே கொழும்பில் ஸ்கீன் நிறுவனமும் கண்டியில் ஸ்கோவன் நிறுவனமும் படம்பிடித்துப் பெயர் பெற்றிருந்தன. அந்தத் தலைமுறையின் பித்தளைக் கமரா வில்லை ஒன்றைக் கையில் எடுத்தால், குழலில் செய்தவரின் பெயரும் ஊரும் செதுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு தொடர் எண்ணும் இருக்கும். துவாரத்தின் அளவைத்தான் எங்கு தேடியும் காண முடியாது.

அதைக் குறைபாடு என்று எண்ணிவிடக் கூடாது. அந்த எண்ணைக் கேட்க அன்று ஆளில்லை.

அன்றைய ஈரக் கொலோடியன் முறையில் படப்பிடிப்பாளரே தன் தகட்டைச் செய்துகொள்வார். கண்ணாடியில் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவி முடிக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு. தகட்டுக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பது அவர் கலந்த கரைசலையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது. வில்லையின் மூடியைக் கழற்றி, மனதுக்குள் எண்ணி, திரும்ப மூடுவார். பெரிய துளைக்கு இவ்வளவு, சின்னத் துளைக்கு இவ்வளவு என்பது கைப்பழக்கம். அக்காலத் தெருப் படங்களில் கட்டடங்கள் கூர்மையாகவும் நடந்தவர்கள் புகைபோலவும் தெரிவது இந்த நீண்ட எண்ணிக்கையால்தான்.

துளையைச் சிறிதாக்க முதலில் வில்லையின் முன்னே வளையங்களைச் செருகினார்கள். 1858இல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஜோன் வாட்டர்ஹவுஸ் எளிய வழியொன்றைச் சொன்னார்: குழலின் நடுவே ஒரு வெட்டு, அதில் இறக்க வெவ்வேறு துளையிட்ட உலோகத் தட்டுகள். தட்டுகள் தனியே ஒரு தோல் பையில் இருக்கும். நூறாண்டு கழித்து வில்லை ஒரு கைக்கும் தட்டுகள் வேறு கைக்கும் போய்விடுவதில் வியப்பில்லை.

எண்ணைக் கொண்டுவந்தது உலர் தகடு. 1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் ஜெலட்டின் தகட்டு முறையை வெளியிட்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழிற்சாலைத் தகடுகள் விற்பனைக்கு வந்தன. இப்போது தகடு எல்லோருக்கும் ஒன்று, வில்லைதான் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் கண்ட நேரம் இன்னொருவருக்கும் பொருந்த வேண்டுமானால் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்த எண், அதாவது எஃப் எண், இருவரிடமும் இருந்தாக வேண்டும்.

ஆனால் எண் வந்த விதம் பெருங்குழப்பம். 1881இல் பிரித்தானியப் புகைப்படச் சங்கம் எஃப்/4ஐ 1 என்று வைத்து, ஒளி பாதியாகும் ஒவ்வொரு படிக்கும் எண்ணை இரட்டிப்பாக்கியது: எஃப்/8 அங்கே 4, எஃப்/32 அங்கே 64. 16 மட்டும் இரண்டிலும் 16. கொடாக் மடிப்புக் கமராக்கள் பலவற்றில் 1920கள் வரை இந்த எண்களே இருந்தன. அங்குள்ள 4ஐ எஃப்/4 என்று நம்புகிறவருக்குக் கிடைப்பது எதிர்பார்த்ததில் கால்வாசி ஒளி. டால்மேயர் நிறுவனம் எஃப்/3.16ஐ ஒன்றாக வைத்தது. சைஸ் நிறுவனம் 1890 அளவில் எல்லாவற்றையும் தலைகீழாக்கி எஃப்/50ஐ ஒன்றாக வைத்தது. அங்கே எண் பெருகினால் துளையும் பெருகும். 1930களின் லைக்கா எல்மார் வில்லையில்கூட 6.3, 9, 12.5, 18 என்ற ஐரோப்பிய வரிசையைக் காணலாம். எண்ணே இல்லாத வில்லை இவற்றைவிட நேர்மையானது. அது யாரையும் ஏமாற்றுவதில்லை.

இந்த எண் கணக்கைத் தாண்டியும் பேசும். 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் தாவர ஓவியர் மரியான் நோர்த்தைப் படமெடுத்து, 1879இல் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமான ஜூலியா மார்கரெட் கமரன், இங்கிலாந்தில் 1866 முதல் 30 அங்குலக் குவியத்தூரமுள்ள டால்மேயர் ரப்பிட் ரெக்டிலீனியர் வில்லையைப் பயன்படுத்தினார். இந்த வகையின் முழுத் துவாரம் எஃப்/8. அதாவது மூன்றே முக்கால் அங்குல விட்டம். இன்றைய சிறு கமராவில் எஃப்/8 என்றால் பெரும்பகுதி கூர்மையாக விழும். இவ்வளவு நீளமான வில்லையில், அவ்வளவு கிட்டத்தில் ஒரு முகத்தை வைத்தால், கண் தெளியும்போது காது கரைந்துவிடும். அவருடைய படங்களின் மென்மையைக் கவனக்குறைவு என்று திட்டிய விமர்சகர்கள் இந்த மூன்றே முக்கால் அங்குலத்தையும் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

எண்ணில்லாத பழைய வில்லையில் அதை அளந்து காண்பது கடினமில்லை. உயர்தரப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் குவிவில்லையோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். துருத்திக் கமராவில் வில்லையைப் பூட்டித் தொலைதூரக் கட்டடம் ஒன்றை மங்கல் கண்ணாடியில் தெளிவாக்கி, துருத்தி நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஓர் அடிமட்டத்தை அதன் உண்மை அளவிலேயே கண்ணாடியில் விழச் செய்து மறுபடி குறிக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரமே குவியத்தூரம். வில்லைக்குள் இருக்கும் கண்ணாடிகளின் இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் இந்த வழி பிழைக்காது.

துவாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். குழலைக் கழற்றி உள்ளிருக்கும் துளையை அளந்தால் விடை தவறும். முன்கண்ணாடி அதைப் பெரிதாக்கிக் காட்டுவதால், முன்னிருந்து தெரியும் விட்டமே கணக்கில் சேரும். வில்லையைத் தொலைவுக்குத் தெளிவாக்கி, மங்கல் கண்ணாடி இருந்த இடத்தில் ஊசித்துளையிட்ட அட்டையை வைத்துப் பின்னால் விளக்கேற்றினால், ஒளி முன்புறத்தில் இணையாக வெளியேறும். முன்கண்ணாடியை ஒட்டிப் பிடித்த மெல்லிய தாளில் வட்டம் விழும். அதன் விட்டத்தை அளக்கச் செட்டியார் தெரு நகைப் பட்டறையில் இருக்கும் காலிப்பரே போதும்.

துருத்தி 305 மில்லிமீற்றர் நகர்ந்து, வட்டம் 38 வந்தது என்று வைப்போம். வகுத்தால் எஃப்/8. தொலைந்த தட்டுகளையும் கறுப்பு அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். வெட்டில் இறக்கிய 35 மில்லிமீற்றர்த் துளை முன்னிருந்து 38ஆகத் தெரிந்தால், மற்றத் துளைகளும் அதே விகிதத்தில்தான் தெரியும். எஃப்/16க்குத் தெரிய வேண்டியது ஏறத்தாழ 19; ஆகவே வெட்ட வேண்டியது 17.5.