கருங்கடலின் ஆழமும் நுண்ணுயிர்களும்

கருங்கடலின் ஆழ்நீர் நஞ்சு செறிந்தது என்பதை 1890ஆம் ஆண்டின் ரஷ்ய ஆய்வுப் பயணம் வெளிப்படுத்திற்று. நிலவியலாளர் நிக்கொலாய் அந்துருசோவ் பங்குகொண்ட அப்பயணத்தில், ஏறத்தாழ 200 மீற்றருக்குக் கீழே ஐதரசன் சல்பைட்டு நிறைந்திருத்தல் கண்டறியப்பட்டது. ஆறுகளால் உவர்ப்புக் குறைந்த இலேசான நீர் மேலே நிற்க, பொஸ்பரஸ் நீரிணை வழியே வரும் உவர்ப்பு மிக்க நீர் கீழே தங்குகின்றது. இரண்டும் எளிதிற் கலவாமையால் ஒட்சிசன் ஆழத்தை எட்டுவதில்லை.

ஆயின் அந்நஞ்சு தோன்றியது எவ்வாறு? அது பற்றீரியாக்களின் ஆக்கமே என இரசாயனவியலாளர் நிக்கொலாய் செலின்ஸ்கி 1893இல் எடுத்துரைத்தார். மேலிருந்து வீழும் உயிர்ச்சிதைவுகளை உண்ணும் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேற்றைப் பயன்படுத்துகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. சல்பேற்று ஐதரசன் சல்பைட்டாகின்றது. சிதைவுகளின் காபன் இருகாபனேற்றாக நீரிற் கரைகின்றது.

2002இல் வெளியான ஆய்வு வியப்பை மேலும் பெருக்கிற்று. ஏறத்தாழ 230 மீற்றர் ஆழத்தில், மெதேனை உண்ணும் நுண்ணுயிர்களின் செயலால் 4 மீற்றர் உயரம்வரை சுண்ணத் தூண்கள் எழுந்திருந்தன. மீன்கள் வாழவியலா ஆழத்தில் கடல்நீரின் இரசாயனத்தை உயிர்களே ஆக்கிக்கொண்டிருந்தன.

1960இன் பின் உலகக் கடல்கள் தம் ஒட்சிசனில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 வீதத்தை இழந்துள்ளன. ஆகவே, கருங்கடல் கற்பித்த பாடம் ஏனைய கடல்களுக்கும் உரியதாகின்றது.