சோதிடர்க்குரிய கல்வியும் தகுதிச் சான்றும்

சோதிடம் வல்லாரைப் பண்டைத் தமிழ்மக்கள் கணி எனவும் கணியன் எனவும் வழங்கினர். அரசவையில் அவருள் தலைமை பெற்றவன் பெருங்கணி எனப்பட்டான். இப்பெயர்கள் கணித்தற்றொழில் பற்றி எழுந்தனவேயன்றி வருவதுரைத்தல் பற்றி எழுந்தன அல்ல. திருவிழாவிற்கும் நோன்பிற்கும் நாள் வகுத்தலும், மணத்திற்கு நல்வேளை குறித்தலும், பிறந்த வேளைகொண்டு வாழ்நாட்பலன் உரைத்தலும் பின்னாளில் ஒருவர் தொழிலே ஆயின. இவர் சொல் ஒன்றினால் மகளிர்க்கு மணம் தடைப்படுதலும், எளியவர் கடன்பட்டுப் பரிகாரஞ் செய்தலும் நாடோறுங் காண்கின்றோம். ஆகலின், இத்தொழிலினர்க்கு வேண்டுங் கல்வி யாது, அதனை அளந்து சான்று தருவார் யாவர், அச்சான்று எதனை மெய்ப்பிக்கும் என்பவற்றை வரலாற்று முறையில் ஈண்டு ஆராய்வாம்.

சோதிடர் தகுதியை விரித்துரைக்கும் பழைய நூல்களுள் தலைசிறந்தது, கி. பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் இயற்றிய பிருகத்சங்கிதை. அதன் இரண்டாம் அத்தியாயம் இப்பொருள் ஒன்றனையே கூறுகின்றது. சோதிட நூல் கணிதம், ஓரை, சங்கிதை என மூன்று கந்தமாகப் பகுக்கப்படும். இவற்றுள் கணிதத்தின்கண் பௌலிசம், ரோமகம், வாசிட்டம், சௌரம், பைதாமகம் என்னும் ஐந்து சித்தாந்தங்களையும் கற்றல் வேண்டும். சௌரம், சாவனம், நாட்சத்திரம், சாந்திரம் என்னும் நால்வகை மாத அளவும், மிகுமாதம் நேருங் காரணமும், கிரகணத்தின் தொடக்கம், முடிவு, திசை, அளவு என்பனவும் அறிதல் வேண்டும். நிழலாலும் நீர்க்கருவியாலும் தன் கணக்கினைக் கண்கூடாக மெய்ப்பித்துக் காட்டுதலும் வேண்டும். இவற்றோடு வாய்மை, பொறாமையின்மை, அவைக்கு அஞ்சாமை முதலிய குணங்களும் கூறப்பட்டன. நூல் கல்லாது நாளுங்கோளும் சொல்லித் திரிவோனை நட்சத்திரசூசகன் என்று அவர் இழித்துரைத்தார். ஆகவே அக்காலத்தில் சோதிடனுக்குப் பட்டயம் வானமே; அதனைப் படித்துப் பார்ப்பது அவையே என்பது பெறப்படும்.

பிற்காலத்தில் இக்கல்வி குடும்பவழியில் சுருங்கிற்று. எண்களை எழுத்தாக மாற்றி வாக்கியங்களாக்கி மனனஞ் செய்தல் தென்னாட்டு வழக்கு. சந்திரனுக்குரிய 248 வாக்கியங்கள் பெயர் பெற்றவை. அவற்றால் எழுந்தமையின் வாக்கிய பஞ்சாங்கம் எனப்பெயராயிற்று. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் முன்னர்ப் பணிபுரிந்த ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் பஞ்சாங்கங் கணிக்குந் தமிழர் ஒருவரைக் கண்டார். அவர் ஏடும் எழுதுகோலுமின்றி, தரையிற் சோழிகளைப் பரப்பி, 1825-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அக்கணக்கில் தொடக்கத்திற்கு 4 நிமிடமும், நடுவிற்கு 23 நிமிடமும், முடிவிற்கு 52 நிமிடமுமே பிழை. எனினும் அவர் அம்முறையின் காரணத்தைச் சிறிதும் அறியாதவர் என்று வாரன் எழுதினார். நினைவாற்றல் வியக்கத்தக்கது; ஆயினும் காரணம் அறியாமையின், பிழை மிகுந்துழித் திருத்தும் வழி அவர்க்கில்லை. காரணம் அறியுங் கல்வி ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அக்கல்வியைப் பொதுவில் அமைத்தற்கு 1791-ஆம் ஆண்டு காசியில் சோனதன் டங்கன் நிறுவிய சமஸ்கிருதக் கல்லூரி துணையாயிற்று. அங்கே கணித வானநூல் கற்பித்த பாபுதேவ சாத்திரியார் மேனாட்டுக் கணிதத்தையும் நம் சித்தாந்தங்களையும் ஒருங்கே பயின்றவர். அவர்க்குப் பின் விளங்கிய சுதாகர துவிவேதியார் (1855-1910), தீபோ என்னும் செருமானியரோடு சேர்ந்து வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையை 1889-ல் பதிப்பித்தார். அக்கல்லூரி 1958-ல் பல்கலைக்கழகமாயிற்று. இம்மரபில் சாத்திரி, ஆசாரியர் என்னும் பட்டங்கள் தேர்வின்வழி வழங்கப்படுவன. அவை நூற்பயிற்சிக்கும் கணித வன்மைக்கும் சான்றாவன.

பின்னர் 2001-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக மானியக் குழு, சோதிர்விஞ்ஞானம் என்னும் பெயரால் பல்கலைக்கழகங்களில் தனித்துறைகள் அமைக்க முற்பட்டது. அறிவியலார் பலர் இதனை மறுத்தனர். பார்கவா முதலியோர் வழக்கிட்டனர். உச்சநீதிமன்றம் 2004-ஆம் ஆண்டு மே மாதம் அம்முறையீட்டைத் தள்ளிற்று. பாடத்திட்டம் வகுத்தல் கல்வியாளர் கடன், அதனுள் நீதிமன்றம் புகுதல் தகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பலன் மெய்யென்று நீதிமன்றம் நிறுவிற்றென்பார் அத்தீர்ப்பைப் பிறழ உணர்ந்தவராவர்.

பலன் மெய்யோ என்பதை வானநூலார் செயந்த நாரளீகர் முதலியோர் மகாராட்டிரத்தில் ஆராய்ந்து, முடிவினை 2009-ல் வெளியிட்டனர். கல்வியிற் சிறந்த பிள்ளைகள் 100, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 ஆகியோரின் சாதகங்கள் திரட்டப்பட்டன. ஒவ்வொரு சோதிடர்க்கும் 40 சாதகங்கள் அனுப்பி, இன்னார் இவ்வகையினர் எனப் பிரித்துரைக்க வேண்டினர். விடை விடுத்தோர் 27 பேர்; அவர் கூறியவற்றுள் பொருந்தியது சராசரி நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பார்ப்பினும் நூற்றுக்கு 50 பொருந்தும். சோதிட நிறுவனம் ஒன்று 200 சாதகங்களையும் ஆராய்ந்து 102-ஐயே பொருந்தக் கூறிற்று.

இவற்றால் துணியப்படுவது யாதெனின், சோதிடக் கல்வியின் இருகூறுகளையும் ஒன்றாக எண்ணுதல் தவறு என்பதே. கணிதம் வானத்தாற் சோதிக்கப்படுவது. கிரகணம் குறித்த வேளையில் நிகழாவிடின் கணித்தவன் பிழை அன்றே வெளிப்படும். அதற்குத் தேர்வு வைத்துச் சான்றளித்தல் முறையே. பலன் கூறுதற்கோ அத்தகைய உரைகல்லை எத்தேர்வுமன்றமும் இதுகாறும் அமைத்திலது. ஆதலின் பட்டம் பெற்றார் ஒருவர் நூலைக் கற்றார் என்பதற்கு அப்பட்டம் சான்றாமேயன்றி, அவர் உரைக்கும் பலன் நிகழும் என்பதற்குச் சான்றாகாது. மேலும் தவறிழைத்த மருத்துவரையும் வழக்கறிஞரையும் விலக்குதற்குச் சட்டவழி அமைந்த மன்றங்கள் உள. சோதிடர்க்கு அங்ஙனம் ஒன்றும் இன்று.

ஆகவே சோதிடர்பாற் செல்வோர் வாயிலில் தொங்கும் பட்டத்தைக் கண்டு மயங்காது, இவர் எப்பஞ்சாங்கம் கொள்வர், இலக்கினம் எங்ஙனம் கணித்தனர், பொருள்பறிக்கும் பரிகாரம் விதிப்பரோ என்பவற்றை முன்னர் வினவுக. ஒரு பெண்ணின் வாழ்வினை ஒரு கட்டத்தின் மேல் வைத்துத் தீர்த்துவிடற்க. வராகமிகிரர் வேண்டிய வாய்மைக் குணம் எப்பட்டத்தினும் எழுதப்படுவதன்று. அதனைக் கேட்போரே ஆராய்ந்து தெளிதல் கடன்.