கழுகும் கமெராவும்

1882ஆம் ஆண்டில் எத்தியென் யூல் மாறே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் விசித்திரமானதொரு கருவியைச் செய்தார். தோளோடு அணைத்துப் பிடிக்கும் கட்டை, நீண்ட குழல், விரலால் இழுக்கும் விசை ஆகிய யாவும் அமைந்த அது, பார்வைக்கு அசல் துப்பாக்கியே. ஆனால், விசையை இழுத்தால் குண்டு புறப்படாது. ஒரு வினாடியில் பன்னிரண்டு நிழற்படங்கள் பதிவாகும். பறக்கும் பறவையின் சிறகசைவை ஆராய்வதற்காக அவர் ஆக்கிய கருவி அது. படமெடுத்தலுக்கும் சுடுதலுக்கும் ஆங்கிலத்தில் இன்றும் ஒரே சொல் வழங்குகின்றது. நாமும் 'படம் பிடித்தல்' என்றே சொல்கிறோம். மீன் பிடிப்பவனும் முயல் பிடிப்பவனும் ஆளும் சொல் அது. கமெராவின் பிறப்போடு வேட்டையின் வாடையும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கின்றது.

காட்டிலே சுதந்திரமாகத் திரியும் கழுகையும் வல்லூற்றையும் தொலைவில் நின்று படமெடுப்பதற்கும் சமூக வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. பிரித்தானியாவின் கதையைச் சற்று ஊன்றிப் பார்த்தால் அது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்தின் மேட்டு நிலங்களிலிருந்து குடியானவர் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டனர். அவர்தம் நிலங்களில் முதலில் செம்மறியாடுகள் நிறைந்தன. பின்னர் செல்வந்தரின் பொழுதுபோக்குக்கான மான் காடுகளும், குறவுஸ் என்னும் காட்டுப் பறவையைச் சுடும் களங்களும் பரந்தன. குறவுஸ் பெருக வேண்டுமாயின் அதனை உண்ணும் பறவைகள் ஒழிய வேண்டும் என்பது நிலப்பிரபுக்களின் கணக்கு. ஆகவே, வளைந்த அலகு படைத்த யாவும் பகையெனக் கருதப்பட்டன. கூலிக்கு அமர்த்தப்பட்ட வேட்டைக் காவலர் பொறி வைத்தனர், நஞ்சு வைத்தனர், சுட்டனர். எஞ்சியவற்றின் முட்டைகளையும் தோல்களையும் தேடிக் கனவான்களான சேகரிப்பாளர் வந்தனர். ஓரினம் எவ்வளவுக்கு அருகியதோ அவ்வளவுக்கு அதன் முட்டையின் விலை உயர்ந்தது. பண்டமாக மாறிய பொருளுக்கு அருமையே ஆபத்தாக முடிவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது. மீனைப் பாய்ந்து கவ்வும் விராலடிப்பான் 1916ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் கூடு கட்டாது மறைந்தது. (இதே இனம் மாரி காலத்தில் நம் நாட்டுக் களப்புகளுக்கும் வருவதுண்டு.) வெள்ளை வாலுடைய கடற்கழுகின் கடைசிப் பறவை 1918இல் ஷெற்லாந்துத் தீவுகளிற் சுடப்பட்டது. மாளிகைகளின் கண்ணாடிப் பேழைகளுக்குள் மாத்திரம் அவை சிறகு விரித்து நின்றன.

இச்சூழலிலேதான் கமெரா வருகின்றது. யோர்க்‌ஷயரின் மலைக் கிராமமொன்றில் பிறந்து கிராமப் பள்ளியிற் படித்த சகோதரர் இருவர், றிச்சட் கேர்ட்டன், செறி கேர்ட்டன் என்போர், 1892இல் பறவைக் கூடுகளைப் படமெடுக்கத் தொடங்கினர். 1895இல் வெளிவந்த அவர்களது நூல், பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் ஓவியமின்றி நிழற்படங்களாலேயே காட்டியது. முட்டையைத் திருடாமலே முட்டையைப் பார்க்கலாம் என்பதை அது வாசகருக்கு உணர்த்தியது. 1900இல் அவர்கள் செய்த காரியம் இன்னும் சுவையானது. இறந்த எருதொன்றின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே வெறுமையான சட்டத்தின் மீது போர்த்தி, அந்தப் பொய்யெருதின் வயிற்றுக்குள் நின்று படம் பிடித்தனர்!

தொலைவில் நின்றே எடுத்திருக்கலாகாதா? எடுத்திருக்க முடியாது என்பதே விடை. தூரப் பொருளைப் பெரிதாக்கும் வில்லையை டல்மேயர் என்பார் 1891இலேயே ஆக்கியிருந்தார். ஆனால், அவ்வில்லை புகவிடும் ஒளி சொற்பம். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளோ ஒளியை மந்தமாகவே ஏற்றன. அசையாத மலைச்சிகரத்தைப் பிடிக்கலாம். தலையைத் திருப்பும் கழுகு வெறும் கறையாகவே விழும். ஆகவே அண்மையை நாடுவதன்றி வேறு வழியில்லை. கூட்டிலிருந்து சில அடி தூரத்தில் சாக்கும் தழையும் கொண்டு சிறு மறைவிடம் அமைப்பர். ஒரே நாளில் அமைத்தால் பறவை கூட்டைக் கைவிடும். எனவே நாளுக்குச் சிறிதாக, பல நாட்களாக, அதனை நெருக்கிக் கொண்டு வருவர். பின்னர் இருவர் உள்ளே நுழைவர். ஒருவர் வெளியேறிப் பறவையின் கண்முன்னே நடந்து செல்வார். பறவை பெரும்பாலும் ஏமாந்துவிடும். வந்தவர் போய்விட்டார் என்று நம்பிக் கூட்டுக்குத் திரும்பும். உள்ளே இருப்பவர் மூச்சடக்கி மணிக்கணக்காகக் காத்திருப்பார்.

இந்தப் பொறுமையின் பயன் அழகிய படங்கள் மட்டுமன்று, சாட்சியமுமாகும். மெக்பேர்சன் என்பவர் பொன்னிறக் கழுகின் கூடொன்றைக் குஞ்சு வளரும் பருவமெல்லாம் மறைவிடத்திலிருந்து அவதானித்து, தாய்ப்பறவை கொணர்ந்த இரைகளைக் குறித்து, படங்களோடு 1909இல் நூலாக வெளியிட்டார். ஆட்டுக்குட்டித் திருடன் என்று தூற்றப்பட்ட பறவை உண்மையில் எதை உண்கின்றது என்பதற்கு வாய்மொழி வதந்தியைவிட உறுதியான ஆதாரம் அப்போதுதான் கிடைத்தது. அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பேராசிரியர் பிரான்சிஸ் ஹெறிக், வெண்டலைக் கழுகின் கூட்டை நோக்கி உருக்குக் கோபுரம் எழுப்பி, 1920களில் ஆண்டுக்கணக்காகப் படமும் குறிப்பும் எடுத்தார். அதே காலத்தில் அலாஸ்காவில், சல்மன் மீன் முதலாளிகளின் நலன் கருதி, அதே கழுகின் தலைக்கு அரசு விலை வைத்திருந்தது. 1917இல் தொடங்கிய அவ்வழக்கம் 1950களின் தொடக்கம் வரை நீடித்து, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கழுகுகளை விழுங்கியது. ஒரு தேசத்தின் இலச்சினையிலே இருக்கும் பறவைக்கும் இலாபத்தின் முன் இவ்வளவே மதிப்பு.

அண்மைக்கு விலையும் உண்டு. எரிக் ஹொஸ்கிங் என்ற இளம் படப்பிடிப்பாளர் 1937இல் வேல்ஸ் நாட்டில் ஆந்தைக் கூடொன்றைப் படமெடுத்து வந்தார். ஒருநாள் இரவு இருளில் மறைவிடத்துக்கு ஏறுகையில் தாயாந்தை ஓசையின்றிப் பாய்ந்து நகத்தால் அவரது இடக் கண்ணைக் கிழித்தது. கண்ணை அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அவர் தொழிலைக் கைவிடவில்லை; ஆந்தைகளைப் படமெடுக்கவே மீண்டும் சென்றார். பறவையின் மீது அவர் குறை கூறவுமில்லை. அதன் வீட்டுக்குள் நுழைந்தவர் தாமே அன்றோ?

ஹொஸ்கிங் இழந்தது வெளியே தெரிந்தது. பறவைகள் இழந்தவை பெரும்பாலும் தெரியவில்லை. கூட்டை வெளிச்சமாகக் காட்டும் பொருட்டுக் கிளைகளை வெட்டித் திருத்துவது அக்காலத்தில் வழக்கம். படம் தெளிவாக விழுந்தது. மறைவு நீங்கிய குஞ்சுகள் வெயிலுக்கும் காகங்களுக்கும் இலக்காயின. அந்த முன்னோடிகளைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் நம் அறிவு குறைந்திருக்கும். ஆயினும், துப்பாக்கியைக் கைவிட்டவுடனேயே வேட்டைக்காரன் மனம் மாறிவிட்டான் என்ற இனிய கதையை நான் முற்றாக நம்புவதற்கில்லை.

திருப்பம் வேறோரிடத்தில் நிகழ்ந்தது. 1954இல் விராலடிப்பான் இணையொன்று ஸ்கொத்லாந்தின் லொக் கார்ட்டன் என்ற ஏரிப்புறத்துக்குத் திரும்பி வந்தது. செய்தி இரகசியமாகக் காக்கப்பட்டது. இரகசியம் யாரிடமிருந்து காத்தது? பொதுமக்களிடமிருந்து மட்டுமே; முட்டைத் திருடருக்கு வழி தெரிந்தேயிருந்தது. 1958இல் காவலர் விழித்திருந்த ஓரிரவிலேயே ஒருவன் மரமேறி முட்டைகளைக் கவர்ந்தான். கவர்ந்ததோடு நில்லாது, சப்பாத்துக்குப் பூசும் பழுப்புநிற மெழுகைத் தடவிய கோழிமுட்டைகளைக் கூட்டில் வைத்துவிட்டும் போனான்!

அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்கொத்லாந்துப் பொறுப்பாளராயிருந்தவர் ஜோர்ஜ் வோட்டர்ஸ்ரன். உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்தவர். 1959இல் அவர் எடுத்த முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. கூடு இருக்கும் இடத்தைப் பகிரங்கப்படுத்தினார். மரத்தைச் சுற்றி எவரும் நெருங்காதவாறு காவலிட்டு, போதிய தொலைவில் ஒரு குடிலமைத்து, அதில் தொலைநோக்கிகளைப் பொருத்தி, வாருங்கள் பாருங்கள் என்று மக்களை அழைத்தார். அவ்வாண்டு 14,000க்கு மேற்பட்டோர் வந்தனர். மூன்று குஞ்சுகள் சிறகு முற்றிப் பறந்தன. பிரபுவின் கண்ணாடிப் பேழைக்கு உரியதாயிருந்த பறவை, வரிசையில் நின்று தம் முறைக்குக் காத்திருந்த பாமர மக்களின் பறவையாயிற்று. பல்லாயிரம் கண்கள் பார்த்துக் கொண்டிருக்கையில் திருடுவது எளிதன்று. நெருங்காமலே பார்க்கலாம், பார்ப்பதாலேயே காக்கலாம் என்பது அந்தக் குடிலில் நடைமுறையாயிற்று.

சட்டமும் தொழினுட்பமும் பின்தொடர்ந்தன. 1967ஆம் ஆண்டுச் சட்டம், அதன் பின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றின்படி அரிய பறவைகளைக் கூட்டிலே குழப்புவது குற்றம். அவற்றைக் கூட்டருகே படமெடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். 1959இல் வெளிவந்த நிக்கோன் எஃப் போன்ற கமெராக்களும் நீண்ட வில்லைகளும் நுண்ணிய படச்சுருளும், பின்னர் மின்னணுப் பதிவும், டல்மேயரால் இயலாததை இயலச் செய்தன. இன்று நூறு யார் அப்பாலிருந்தே கழுகின் விழியிற் படியும் ஒளியைக் காட்டலாம். இதிலும் ஒரு தொல்லை உண்டு. கருவி எட்ட நின்றாலும் ஆசை எட்ட நிற்பதில்லை. அரிய பறவை வந்த செய்தி கிடைத்ததும் நீண்ட வில்லைகளோடு கூட்டமாகத் திரண்டு, ஓரடி முன்னே, இன்னும் ஓரடி முன்னே என்று நகர்வோரைப் பலரும் கண்டிருப்பர்.

நிலம் எவருடையது என்ற கேள்வியும் மறைந்துவிடவில்லை. 2013இல் ஸ்கொத்லாந்தின் மொறேப் பகுதியில், வேட்டைப் பண்ணையொன்றில் இருந்த பூனைப்பருந்தின் கூட்டை நோக்கி மேற்படி சங்கத்தார் கமெராவொன்றை நிறுவியிருந்தனர். குறவுஸ் குஞ்சுகளை உண்பதால் பண்ணைக்காரர் பெரிதும் வெறுக்கும் பறவை இது. கூட்டிலிருந்து பறவை எழுவதும் சுடப்படுவதும் அதில் பதிவாயின. ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நான்கு ஆண்டுகள் சென்றபின், 2017இல், அரச வழக்குத் தொடுநர் வழக்கைக் கைவிட்டனர். சங்கத்தார் நிலத்தில் நுழைந்து, குற்றத்துக்குச் சான்று தேடும் நோக்கோடு எடுத்த படம் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதன்று என்பது அவர்கள் கூறிய காரணம். கூட்டைக் கண்காணிக்கவே கமெரா வைத்தோம் என்று சங்கம் மறுத்தது. பின்னர் அந்தப் படத்தை அது பொதுமக்கள் முன் வெளியிட்டது. நீதிமன்றம் பாராததை நாடு பார்த்தது. வாதம் ஆண்டுக்கணக்காக நீண்டது. 2024இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, குறவுஸ் சுடுவதற்கு நிலச் சொந்தக்காரர் இப்போது அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். குற்றம் காணப்படின் அது பறிக்கப்படலாம்.