டரன்டுலாவின் பெட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை துப்புரவு செய்யவேண்டும்?

எச்சங்களை நாளாந்தம் பார்த்து அகற்றவேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவவேண்டும். முழுப் பெட்டியையும் வெறுமையாக்கிக் கழுவுவதை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் செய்யத் தேவையில்லை. பல சிலந்திகளுக்கு அதுவும் தேவைப்படாது.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் எம்மவர் பிள்ளைகள் சிலர் டரன்டுலா என்னும் பெருஞ்சிலந்திகளை வளர்க்கிறார்கள். அப்படியொரு பிள்ளையின் தாயார் என்னிடம் தொலைபேசியில் கேட்டார்: "இதின்ர பெட்டிய எத்தின நாளைக்கு ஒருக்கா கழுவ வேணும்?" கோழிக்கூடும் மீன்தொட்டியும் கழுவிப் பழகிய எவருக்கும் வரக்கூடிய கேள்விதான். ஆனால், சிலந்தியின் கணக்கு வேறு.

வளர்ந்த டரன்டுலாவுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு பூச்சிகள் போதும். அதன் கழிவு, சுண்ணாம்புத் துளி போன்ற சில வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே. அதற்குப் பார்வை குறைவு. நிலத்திலும் மறைவிடத்தின் வாசலிலும் தான் விரித்த இழைகளில் வரும் அதிர்வைக் கொண்டே இரை எது, ஆபத்து எது என்று அறிகிறது. பெட்டியை முற்றாகக் கழுவினால் அந்த இழைகள் அனைத்தும் போய்விடும். புதிய இடத்தில் விடப்பட்ட சிலந்தி பல நாட்கள் உண்ணாமல் ஒடுங்கியிருக்கலாம், அல்லது சுவரில் ஏறித் தப்ப முயலலாம். கனத்த உடலுடைய தரைவாழ் இனமாயின், சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து இறந்துவிடக்கூடும்.

எதை, எப்போது?

சிலந்தி உண்டு துப்பிய இரையின் மிச்சத்தை மறுநாளே நீண்ட இடுக்கியால் எடுத்துவிடுங்கள். உண்ணப்படாத உயிர்ப் பூச்சியையும் 24 மணித்தியாலத்துக்கு மேல் உள்ளே விடவேண்டாம். தோலுரிக்கும் சிலந்தியைக் கரப்பான் பூச்சியே கடித்துக் கொன்றுவிடும். கண்ணாடியிலுள்ள கறையை ஈரத்துணியால் துடைக்கலாம். உதிர்ந்த தோலை, சிலந்தி அதைவிட்டு விலகிய பின்னர் எடுக்கலாம்.

முழுத் துப்புரவுக்கு நாட்காட்டியைப் பார்க்காமல் அடையாளங்களைப் பாருங்கள். துர்நாற்றம், பரவும் பூஞ்சணம், வெள்ளைப் புள்ளிகளாக ஊரும் சிற்றுண்ணிகள், ஊறி நாறும் அடிமண் ஆகியவையே அவை. வரண்ட நிலத்துச் சிலந்திகளின் பெட்டியில் இவை அரிது. ஈரலிப்பு வேண்டும் இனங்களின் பெட்டியில் சற்று அடிக்கடி வரலாம். அடிமண்ணுக்குப் பலர் பயன்படுத்துவது தென்னந் தும்புத்தூள். நம் நாடு ஏற்றுமதி செய்யும் அதே பொருள்தான்.

சிலந்தி உணவை மறுத்துச் சோர்ந்திருந்தால் தோலுரிக்க ஆயத்தமாகிறது என்று கொள்ளலாம். அப்போது பெட்டியைத் தொடவேண்டாம். மல்லாந்து கிடந்தால் இறந்துவிட்டது என்று எண்ணி எடுத்து வீசிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தோலுரிக்கிறது. உரித்து முடிந்த பின்னும் பற்கள் இறுக ஒன்றிரண்டு வாரம் செல்லும்.

பெட்டியைக் கழுவச் சுடுநீர் போதும். சவர்க்காரம், வாசனைத் திரவம், பூச்சிகொல்லி எதுவும் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும்.

கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல டரன்டுலாக்கள், அச்சமடைந்தால் வயிற்றிலுள்ள நுண்முடிகளைக் காலால் உதறி வீசும். 2009 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 29 வயது ஆண் ஒருவர் சிவந்து நீர்வடியும் கண்ணோடு வைத்தியசாலைக்குச் சென்றார். சாதாரண கண்நோய்க்கான மருந்தால் சுகப்படவில்லை. பின்னர் பெரிதாக்கிப் பார்த்தபோது விழிப்படலத்தில் நுண்முடிகள் குத்தியிருந்தன. மூன்று வாரங்களுக்கு முன்னர் தனது சிலந்திப் பெட்டியின் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தவேளை அது முடியை வீசியது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. லான்செட் மருத்துவ இதழில் வெளியான சம்பவம் இது. பழைய அடிமண்ணிலும் இந்த முடிகள் கிடக்கும். ஆகவே கையுறையும் கண்ணாடியும் அணிந்தே வேலை செய்யவேண்டும்.

இலங்கை, இந்தியாவுக்குரிய பொயிசிலோதீரியா இனங்களுக்கு அந்த முடிகள் இல்லை. ஆனால் மின்னல் வேகத்தில் ஓடும். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும்.

மாங்குளத்துச் சிலந்தி

இந்த வகையில் ஒன்று எங்கள் வன்னியோடு தொடர்புடையது. 2009 இல், யுத்தம் முடிந்த சில மாதங்களில், மாங்குளத்தில் ஊரவர்கள் அடித்துக் கொன்ற ஒரு சிலந்தி ஆய்வாளர்களின் கைக்குச் சென்றது. தொடர்ந்த தேடலில் முதிர்ந்த மரங்களிலும் பழைய வைத்தியசாலையின் வைத்தியர் விடுதியிலும் அதே சிலந்திகள் காணப்பட்டன. கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். 2012 இல் அது பொயிசிலோதீரியா ராஜேய் என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. தேடலில் உதவிய பொலிஸ் பரிசோதகர் ஒருவரின் நினைவாக வைத்த பெயர் அது.

கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட சைட்டிஸ் மாநாட்டில், 2019 ஓகஸ்டில் பொயிசிலோதீரியா இனங்கள் அனைத்தும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதை முன்மொழிந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. எனவே வெளிநாட்டில் இந்த இனத்தை வாங்குபவர்கள், அது அங்கேயே வளர்ப்பில் பிறந்ததா என்பதை ஆவணத்தோடு கேட்டறியவேண்டும். ஊரில் உள்ளவர்கள் காட்டிலிருந்து பிடித்து யாருக்கும் கொடுக்கவேண்டாம்.

பெட்டியின் அடிமண்ணைக் கெடுத்துவிட்டால் வேறு மண் போடலாம். வன்னியில் தறித்துவிட்ட முதுமரத்தின் பொந்தை அப்படி மாற்றித்தர முடியாது. காணி துப்புரவாக்கும்போதோ பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கும்போதோ இந்தச் சிலந்தியைக் கண்டால் கையால் தொடாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, வெளியே போக வழியைத் திறந்துவிடுங்கள். பகலில் ஒளிந்து இரவில் நடமாடும் உயிர் அது. ஓர் இரவு அவகாசம் கொடுங்கள்.